முரலுக்கும் இரண்டு வீடு

என் மனைவி ஸில்மியாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்குத் தேவையான கோபம் முழுவதையும் நானே பட்டுக்கொள்கிறேன். மன்னார் பஸாரில் வலையும் கயிறும் மிதவையும் விற்கிறவன் நான். காலையிலிருந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களோடு மல்லுக்கட்டுகிற ஆளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? அவள் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் கணினி படிப்பிக்கிறாள். உப்புக்குளத்து வீட்டுக்கு வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு மறுபடியும் லப்டொப்பின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைகள் ஓடும். நானென்றால் அந்தச் சாமானைக் கடலில் எறிந்திருப்பேன். அவள் முகத்தை அருகே கொண்டுபோய், காய்ச்சல்காரப் பிள்ளையிடம் கேட்பதுபோல, "என்ன வாப்பா, எங்க நோகுது?" என்று கேட்பாள்.

பிழைகளில் கடைசியாக வந்ததைப் பார்த்து மண்டையை உடைக்கக் கூடாதாம். முதலில் வந்ததைத் தேடிப் பிடிக்க வேண்டுமாம். "மிச்சமெல்லாம் அது அழுறதைப் பார்த்து அழுறதுகள்" என்பாள். அந்த முதற்பிழையைத் தேடி அவள் மேலே மேலே போய்க்கொண்டிருக்கும்போது தேத்தண்ணி ஆறிவிடும். நான் சூடாக்கிக் கொடுப்பேன். அதுவும் ஆறும்.

அவளிடம் ஒரு குறை உண்டு. எதையும் எறிய மாட்டாள். அதற்கு அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவளுடைய உம்மா உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறிக் கல்பிட்டிக்குப் போனவர். ஸில்மியா பிறந்ததே புத்தளத்து அகதி முகாமில்தான். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எங்கள் சனங்களில் பலர் செய்ததையே அவர்களும் செய்தார்கள். இங்கே வீட்டைக் கட்டினார்கள். அங்கே இருந்த வீட்டையும் விடவில்லை. எனக்கு வாய்த்த சீதனத்தில் இந்தப் பழக்கமும் சேர்ந்து வந்தது. எங்களுக்கு எல்லாமே இரண்டு. இரண்டு அலுமாரி, இரண்டு தேங்காய்த் திருவலை, இரண்டு மேசை ஃபேன். தேவைப்படுகிற சாமான் மட்டும் எப்போதும் மற்ற வீட்டில்தான் இருக்கும். மழைக்குக் குடையைத் தேடினால் குடை புத்தளத்தில். அங்கே போய் என் மூக்குக்கண்ணாடியைத் தேடினால் அது உப்புக்குளத்தில். நான் தாம் தூம் என்று குதிப்பேன். "இருக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும்" என்பாள் ஸில்மியா.

இனி அவளுடைய நானாவை, அதாவது அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூத்தவர் ஜுனைதீன். முசலிக் கரையில் கடலட்டைப் பண்ணை வைத்திருக்கிறார். பண்ணை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆழம் அதிகமில்லாத கடலில் கம்புகளை நட்டு, சுற்றிவர வலையை வேலியாகக் கட்டி, உள்ளே அட்டைக் குஞ்சுகளை விட்டு வளர்ப்பதுதான். வலையின் அடியை நண்டு வெட்டிவிட்டால் அட்டை அந்த ஓட்டையால் நகர்ந்து போய்விடும். ஓட்டை எங்கே என்று தெரிந்தால் வேலை சுலபம். அந்த இடத்தில் வலையைக் கம்பிலிருந்து அவிழ்த்து வள்ளத்தில் தூக்கிப் போட்டுத் தைக்கலாம். எங்கே என்று தேடுவதற்குத்தான் முங்க வேண்டும். ஜுனைதீன் மச்சான் வேலி நெடுக முங்கி முங்கித் தேடுவார். கூலிக்கு ஆள் பிடித்தால் மேலால் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவருடைய பயம்.

இப்படி முங்கியே அவருடைய இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதின் சவ்விலும் ஓட்டை. இனித் தலை தண்ணீருக்குள் போகக் கூடாது, இன்னொரு தடவை சீழ் பிடித்தால் இந்தக் காதும் இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மச்சான் அதைத் தன் இடது காதால் கேட்டார் போலிருக்கிறது. வாடை ஓய்ந்து கடல் தெளிந்ததும் மறுபடியும் இறங்கத் தொடங்கினார்.

அப்போதுதான் ஸில்மியா, கடலடியைப் பார்க்க முரல் என்றொரு இயந்திரத்தைச் செய்யப் புறப்பட்டாள். பெயர்தான் முரல் மீனுடையது, பார்வைக்குக் கோழிக்கூடு. என் கடையிலிருந்து காணாமல் போன பிளாஸ்டிக் குழாய்கள், வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற சின்ன மோட்டர்கள், மிதவைகள் எல்லாம் அதன் உடம்பில் இருந்தன. தண்ணீர் புகாத பெட்டிக்குள் உள்ளங்கை அளவு ஒரு கணினியும் கமராவும். நீளமான வயர் ஒன்று வள்ளத்தில் இருக்கிற லப்டொப்புக்கு வரும். முரல் அடியில் போய்ப் படம் காட்டும். மச்சான் மேலே கதிரை போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். அதுதான் திட்டம்.

முதல் தடவை கையால் செலுத்திப் பார்த்தார்கள். கமரா அருமையாக வேலை செய்தது. ஆனால் நீரோட்டம் முரலை இழுத்துக்கொண்டுபோய் வலையில் மாட்டிவிட்டது. ஸில்மியா இழுத்தால் வலை கிழியும். விட்டால் முரல் போகும். அவள் "வேண்டாம் நானா" என்று சொல்லி முடிக்குமுன் மச்சான் குதித்துவிட்டார். முரலை மீட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் அவருடைய வலது காதில் சீழ். நல்ல வேளையாக மருந்துக்குக் கேட்டது. ஆனால் அந்த வாரம் முழுவதும் ஸில்மியா சரியாகச் சாப்பிடவில்லை. "நானாட காதைக் காப்பாத்த வெளிக்கிட்டு நானே அதைப் போக்காட்டிடுவன் போலயே" என்று ஒரு நாள் அடுப்படியில் நின்றபடியே அழுதாள். அடுப்பை அணைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன்.

கையால் செலுத்துவது சரிவராது, முரல் தானே வலையைப் பார்த்து, ஒரு கை தூரத்தில் அதன் ஓரமாகப் போக வேண்டும் என்று முடிவெடுத்தாள். அதற்கான மென்பொருளை எங்கோ ஒரு தேசத்தில் யாரோ எழுதி, யாரும் எடுக்கலாம் என்று இணையத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் அது சமைத்த சோறாக வரவில்லை, அரிசியாகத்தான் வந்தது. நாங்களே எங்கள் கணினியில் சமைத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் கொம்பைல் பண்ணுவது என்கிறார்கள். அந்தச் சின்னக் கணினிக்கு அது பெரிய வேலை. சூடாகி மூச்சு வாங்கியது. மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு என்னை வேர்க்க விட்டாள்.

"மற்ற ஃபேன் எங்க?" என்றேன்.

"புத்தளத்தில" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒருவழியாகப் பிழையில்லாமல் முடிந்தது. அன்றைக்கு இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தாள். முரலை வீட்டின் பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, சுவரோரம் ஒரு வலைத்துண்டைக் கட்டிவிட்டுப் பரீட்சித்தோம். கமராவைத் தனியே போட்டாள், படம் வந்தது. செலுத்துகிற நிரலைப் பழைய படங்களைக் கொடுத்துத் தனியே ஓட்டினாள், அதுவும் சரி. இரண்டையும் சேர்த்துப் போட்டாள். முதல் படம் கைமாறியதும் முரல் செத்துப் போனது. மறுபடி போட்டாள். மறுபடி செத்தது. பிழை இன்னதென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரையில் ஒரு வரி, பிறகு ஒன்றுமில்லை. வட்டிலப்பத்தை நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து முசலியிலிருந்து மச்சானின் மனைவி நசீறா அழைப்பு எடுத்தா.

"ஸில்மியா, உன்ட நானா முங்குற கண்ணாடியைத் துடைச்சு வச்சிருக்கிறார். சோளகக் காத்து துடங்க முன்னம் வேலி முழுக்கப் பார்த்து முடிக்கோணுமாம். சொல்லுறன், கேட்கிறார் இல்ல."

ஸில்மியா நானாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவருக்குக் கேட்பதற்காக அவள் கத்த, அவரும் கத்த, எனக்கும் எல்லாம் கேட்டது.

"நானா, கொஞ்சம் பொறுங்கோ. முரல் வரும்."

"சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கிறன் தங்கச்சி. உன்ட முரல் அடிவலையை எனக்கு வடிவாக் காட்டினா நான் கண்ணாடியைக் கழட்டி உன்ட கையில தந்திடுவன். அல்லாஹ்வுக்காக. இல்லையெண்டா நான் இறங்குவன். வேலி திறந்து கிடக்க என்னால வீட்டில இருக்க ஏலாது."

சத்தியம் செய்தால் மச்சான் மாற மாட்டார். இரண்டு பக்கமும் அப்படித்தான். காட்டினால் இறங்க மாட்டார், காட்டாவிட்டால் இறங்காமல் இருக்க மாட்டார்.

ஸில்மியா திரும்பவும் முதற்பிழையைத் தேடினாள். பிழை எதுவும் இல்லை. ஆனால் கொம்பைல் பண்ணும்போது ஓடுகிற ஆயிரம் வரிகளுக்கு நடுவில், ஒவ்வொரு தடவையும் ஒரு எச்சரிக்கை வந்து போய்க்கொண்டிருந்தது. பிழை இல்லைத்தானே, எச்சரிக்கைதானே என்று அவள் அதை ஒவ்வொரு தடவையும் கடந்து போயிருந்தாள். இப்போது அதை வாசித்தாள். வாசித்துவிட்டு நெற்றியில் கையை வைத்தாள்.

"இஞ்ச வாங்கோ. எங்கட ரெண்டு வீட்டுச் சீத்துவம் இதுக்குள்ளயும் வந்திட்டுது" என்றாள்.

அவள் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். படங்களைக் கையாளுவதற்கு என்று ஒரு லைப்ரரி இருக்கிறது. பிறர் எழுதி வைத்த கருவிகளின் தொகுப்பு. கமரா படத்தை அனுப்பவும் அதுதான் வேண்டும். செலுத்துகிற நிரல் படத்தை வாசிக்கவும் அதுதான் வேண்டும். முரலின் கணினியில் அந்த லைப்ரரியின் பழைய பதிப்பு ஏற்கெனவே இருந்தது. செலுத்துகிற நிரல் புதிய பதிப்பைக் கேட்டது. வேறு யாராவது என்றால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருப்பார்கள். ஸில்மியா பழையதை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு இடத்தில் புதியதைக் கட்டியிருந்தாள். இருக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும் என்று. இரண்டும் மோதலாம் என்றுதான் அந்த எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தது.

"சரி, ரெண்டும் இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

"புத்தளத்து வீட்டுக் குசினியில மேல்தட்டு வலப்பக்கத்து டப்பாவில என்ன இருக்குது?"

"சீனி."

"இஞ்ச அதே இடத்தில?"

புத்தளத்திலிருந்து வந்த மறுநாட்களில் நான் எத்தனை தேத்தண்ணிக்கு உப்புப் போட்டிருக்கிறேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கமராப் பக்கம் பழைய பதிப்பின் அடுக்கில் படத்தை வைத்துக் கொடுக்கிறது. செலுத்துகிற பக்கம் புதிய பதிப்பின் பழக்கத்தில் கையை நீட்டுகிறது. அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. முரல் அந்தக் கணமே சாகிறது. தனித்தனியாக ஓட்டும்போது ஒவ்வொன்றும் தன் வீட்டில் இருந்ததால் தப்பியது.

"அப்ப பழையதை அழிச்சுத் தொலையன்" என்றேன். எனக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே விளங்கவில்லை.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். நான் குரலை உயர்த்தினேன். அன்றைக்குக் கடையிலும் ஒருவன் என் பொறுமையைச் சோதித்திருந்தான்; அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. "ரெண்டு வீடு, ரெண்டு குடை, ரெண்டு லைப்ரரி! ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு வாழ உங்களுக்கு ஏலாதா?"

"நீங்கள் லேசாச் சொல்லுறீங்கள்" என்றாள் ஸில்மியா. குரல் உயரவில்லை. "இப்ப ஒழுங்கா வேலை செய்யிறது கமரா மட்டும்தான். அது பழையதை நம்பித்தான் நிக்குது. அதை அழிச்சிட்டு, புதுசும் சரிவராமப் போனா, நானாட்ட நான் எதைக் கொண்டு போறது? எங்கட உம்மா ஒரு வீட்டை மட்டும் நம்பி இருந்தவ. வெளிக்கிடு எண்டு சொன்ன அண்டைக்கு அவவிட்ட ஒண்டும் இருக்கேல்ல. எனக்கு ஒண்டை அழிக்கிறதெண்டா பயமா இருக்குது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடமாக நான் அதை அவளுடைய சாமான் ஆசை என்று நினைத்திருந்தேன். அது பயம் என்று அவள் வாயால் கேட்டபோதுதான் என் மண்டையில் ஏறியது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

தேத்தண்ணியை, ஆச்சரியமாக, சூட்டோடு குடித்தாள். குடித்துவிட்டு, "அழிக்கேல்ல. ஒளிச்சு வைக்கிறன்" என்றாள். பழைய லைப்ரரியின் கோப்புகளை ஒரு மூலைக்கு நகர்த்தி, யாரும் தேடிப்போகாத பெயரை வைத்துவிட்டாள். பிறகு முரலின் ஒவ்வொரு பகுதியையும் எழுப்பிப் பார்த்தாள். அதை நம்பி இருந்தவை ஒவ்வொன்றாகக் காணவில்லை, காணவில்லை என்று கத்தின. எவை கத்தின என்று கண்டுவிட்டால் எவற்றைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். கத்தியவற்றுக்கெல்லாம் மூலம் ஒன்றுதான். கமராவிலிருந்து படத்தை வாங்கிச் செலுத்துகிற நிரலுக்குக் கொடுக்கிற பாலம். அதை மட்டும் அவள் சமைத்த சோறாக வாங்கிப் போட்டிருந்தாள். அது பழைய பதிப்போடு சமைத்தது.

பாலத்தின் மூலநிரலை இறக்கி, புதிய பதிப்போடு சேர்த்துக் கட்டத் தொடங்கினாள். ஃபேன் மறுபடியும் முரலுக்குப் போனது. வேலை முடிந்தது. சேர்த்துப் போட்டாள். பாலம் இன்னமும் பழையதைத்தான் தேடியது.

இது எப்படி என்று எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது. ஏதோ ஓதிப் பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஸில்மியா கதிரையில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். செலுத்துகிற நிரலை முந்திக் கட்டியபோது மிஞ்சிய அரைகுறைக் கோப்புகளையும் அவள் எறியாமல் வைத்திருந்தாள், நேரம் மிச்சமாகும் என்று. அவற்றுக்குள் பழைய முகவரி எழுதி இருந்தது. எத்தனை தரம் கட்டினாலும் அந்த முகவரிக்கே போய்க் கதவைத் தட்டியது.

அந்தக் கோப்புறைகளை அழிக்கிற கட்டளையை அவள் எழுதினாள். அது என்றைக்கும் கேள்வி கேட்காத கட்டளையாம். விசையைத் தட்டினால் போய்விடும். விரலை விசையின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிஸ்மி சொல்லித் தட்டினாள். அதோடு நிற்காமல், ஒளித்து வைத்த பழைய லைப்ரரியையும் தேடிப் போய் அழித்தாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் செய்தாள். எனக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும் போலிருந்தது. வயதும் முதுகும் இடம் கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் அடியிலிருந்து திரும்பக் கட்டினாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் வந்தபோது, பின்பக்கத் தொட்டியில் முரல் வலைத்துண்டின் ஓரமாக ஒரு கை தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. மூலையில் தானே திரும்பியது. ஸில்மியா தொட்டியின் விளிம்பில் கன்னத்தை வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியைத் தாண்டி முசலிக்குப் போனோம். மச்சான் வள்ளத்தில் தயாராக இருந்தார். முங்குகிற கண்ணாடி கழுத்தில் தொங்கியது. முரலைப் பார்த்து, "இண்டைக்கு உன்னைக் காப்பாத்த நான் குதிக்க மாட்டன் மோனே" என்றார். வேலியடிக்குப் போய் முரலை இறக்கினோம். ஸில்மியா லப்டொப்பை அவருடைய மடியில் வைத்தாள். வெயில் படாமல் நான் துவாயைப் பிடித்தேன்.

தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. பிறகு வலை வந்தது. முரல் வலையின் அடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போனது. நீரோட்டம் தள்ளியபோது கொஞ்சம் விலகியது. தானே திரும்பி வந்தது. ஸில்மியாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. மச்சான் திரையின் மேல் குனிந்தார். கம்பு, கடற்புல், மறுபடி கம்பு. வேலியின் கடற்பக்கம் திரும்பியதும் அவருடைய உடம்பு ஒரு துள்ளுத் துள்ளியது.

"நிப்பாட்டு! அதுதான். நண்டு வெட்டின இடம்!"

எனக்கு இருட்டாக ஒரு மூலை தெரிந்தது, அவ்வளவுதான். அவருக்கு எல்லாம் தெரிந்தது. லப்டொப்பை என்னிடம் தள்ளிவிட்டு எழும்பிச் சேட்டைக் கழற்றத் தொடங்கினார். அந்த ஆளுக்கு ஓட்டையைக் கண்டால் குதிக்கத்தான் தெரியும். ஸில்மியா அவருடைய கையைப் பிடித்தாள்.

"நானா. இடம் தெரிஞ்சிட்டுதுதானே. வலையை அவிழ்ப்பம்."

அவர் அப்படியே நின்றார். கடலைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அங்கே முரல் ஓட்டைக்கு முன்னால் அசையாமல் நின்று காட்டிக்கொண்டிருந்தது. சேட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். கழுத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி, சொன்னபடி, தங்கச்சியின் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.

வலையை இரண்டு கம்பிலிருந்து அவிழ்த்து, நானும் அவரும் வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டோம். கிழிந்த இடம் அப்படியே மேலே வந்தது. அவர் உட்கார்ந்தபடியே தைத்தார். வேலியின் மிச்சத்தையும் முரலோடு சுற்றிப் பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்பினோம்.

நசீறா மச்சி மணலில் நின்றிருந்தா. தூரத்தில் வள்ளத்தில் இருந்தவர்களின் அசைவுகளை மட்டும் கண்டிருப்பா. என்ன நடந்ததென்று அவவுக்குத் தெரியாது. ஒரு கையில் துவாயும் மற்றக் கையில் காதுக்கு விடுகிற மருந்துப் போத்தலும் இருந்தன. மச்சான் இறங்கி வந்ததும், அவர் வாயைத் திறக்குமுன் எட்டி அவருடைய தலையில் கையை வைத்தா. முடிக்குள் விரலை விட்டுத் தடவினா. காதுக்குப் பின்னால் தடவினா. மறுபடியும் தலையைத் தொட்டா.

"காஞ்சு கிடக்குதடி ஸில்மியா" என்றா. "இவர்ட தல காஞ்சு கிடக்குது."